பால்கனி தொட்டிகளில் தண்ணீர் வடியவில்லை: அடியில் ஜல்லி போட்டும் சேறாகவே இருக்கிறது

பால்கனிப்பச்சை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பால்கனி நீளமானது, அகலம் குறைவு. கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக பிளாஸ்டிக் பெட்டித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 60 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம், 15 செ.மீ ஆழம். மூலையில் 30 செ.மீ உயரத்தில் உருண்டைத் தொட்டிகள் இருக்கின்றன. பெட்டிகளில் தக்காளியும் புதினாவும், உருண்டைத் தொட்டிகளில் மிளகாயும் ரோஜாவும். எல்லாவற்றுக்கும் ஒரே கலவைதான்: பாதி தோட்ட மண், மீதி கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) மண்புழு உரமும். எல்லாத் தொட்டிகளிலும் அடியில் 3 செ.மீ ஜல்லி பரப்பியிருக்கிறேன்.

உருண்டைத் தொட்டிகளில் ஈரம் தேங்குவதில்லை. பெட்டிகளில்தான் பிரச்சினை. மேல்மண் காய்ந்து வெளுத்துவிடுகிறது, ஆனால் விரலை உள்ளே விட்டால் சேறு ஒட்டிக்கொண்டு வருகிறது. தக்காளியின் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. வெயில் ஏறும் முன்னாலேயே, காலையிலேயே, செடி தலை தொங்கி நிற்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினால் இன்னும் மோசமாகிறது.

துளைகளில் அடைப்பு இல்லை. கீழிருந்து ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் ஜல்லி வரை போகிறது. ஊற்றும்போது சொட்டவும் செய்கிறது. அப்படியிருந்தும் உள்ளே ஏன் இப்படி நிற்கிறது? துளைகளை அதிகமாக்க வேண்டுமா, ஜல்லியின் உயரத்தைக் கூட்ட வேண்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டு பால்கனியில் காயும் துணிமேல் சொட்டுகிறது. அடியில் தட்டு வைத்தேன், இப்போது தட்டில் தேங்குகிறது. இதற்கு என்ன வழி?


நாலாம்மாடி எழுதியது:

முதலில் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெட்டித் தொட்டிகள் பலவற்றில் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அதைத் தரை ஓட்டின்மேல் அப்படியே வைத்தால் தரையே துளையை மூடிவிடும். பக்கச் சுவரில், அடியோடு அடியாக, 8 முதல் 10 மி.மீ அளவில் சில துளைகள் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ரொம்பச் சிறிய துளையில் தண்ணீர் தானாகவே தங்கி நின்றுவிடும், ஆகவே ஆணியால் குத்தியது போதாது, ட்ரில் எடுங்கள். அப்புறம் தொட்டியைத் தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ உயர்த்தி வையுங்கள். மரச்சட்டம், ஓட்டுத் துண்டு, எது கிடைக்கிறதோ அது.


வேரடி எழுதியது:

நாலாம்மாடி சொன்னதைச் செய்துவிடுங்கள், அது எப்படியும் தேவை. ஆனால் உங்கள் பெட்டியில் உள்ள கோளாறு துளையில் இல்லை. ஈர்க்குச்சி போகிறது, தண்ணீர் சொட்டுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வெளியே போக வேண்டிய தண்ணீர் போய்விடுகிறது. போகாமல் உள்ளேயே தங்குகிற தண்ணீர்தான் வேரைக் கெடுக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது கலவை. துளையை எத்தனை போட்டாலும் அது விடாது.

நான் நாற்றுப் பண்ணையில் தொட்டி மாற்றும் வேலை பார்ப்பவள். செடியைக் கவிழ்த்து உருவி வேரைப் பார்ப்பதிலேயே பொழுது போகும். வாடிய செடியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இலையைக் காட்டித்தான் கேட்பார்கள். எனக்கு அடி மண்ணைக் காட்டினால் போதும். மேலே ஒரு சாண் வரை பொலபொலவென்று இருக்கும், அடியில் நாலைந்து விரல் உயரத்துக்கு மட்டும் கறுத்து, பிசைந்த களியாக, சாக்கடை வாடையோடு இருக்கும். அந்தக் கறுத்த பட்டையில் நல்ல வேர் ஒன்றுகூட இருக்காது. வேர் அந்தக் கோடு வரை வந்து நின்றிருக்கும்.

இந்தப் பட்டை எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். மேலே உள்ள தண்ணீர், கீழே இருக்கும் மண்ணுக்குக் கைமாறி இறங்கிக்கொண்டே வரும். ஆனால் தொட்டியின் அடிக்கு வந்ததும் அதற்குக் கீழே மண் இல்லை, காற்றுதான் இருக்கிறது. கைமாற ஆள் இல்லாததால் அடியில் சில செ.மீ உயரத்துக்கு எல்லா இடுக்கும் தண்ணீரால் நிரம்பி அப்படியே நின்றுவிடும். தரையில் உள்ள மண்ணில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லாததற்குக் காரணம், அங்கே கீழே கீழே மண் போய்க்கொண்டே இருப்பதுதான்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பஞ்சு ஒன்றை முழுக்க நனைத்து, தட்டையாகக் கையில் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். ஸ்பஞ்சு மாறவில்லை, அதன் உயரம்தான் மாறியது. ஆழம் குறைந்த உங்கள் பெட்டி, தட்டையாகப் பிடித்த ஸ்பஞ்சு. 30 செ.மீ உருண்டைத் தொட்டி, நிமிர்த்திப் பிடித்த ஸ்பஞ்சு.

இந்த ஈரப்பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் பொடித்தன்மை. தொட்டியின் கொள்ளளவோ துளைகளின் எண்ணிக்கையோ அல்ல. உங்கள் கலவையில் அது 5 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ தொட்டியில் ஜல்லி போக 27 செ.மீ கலவை. அதில் 5 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மேலே வேருக்கு நிறைய இடம் இருக்கிறது. 15 செ.மீ பெட்டியில் ஜல்லி போக மிஞ்சுவது 12. விளிம்புக்குக் கீழே தண்ணீர் ஊற்ற 2 செ.மீ விட்டிருந்தால் 10. அதில் 5 போனால் பாதி. தக்காளிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இடம் நிஜத்தில் 5 செ.மீ ஆழம்தான். ஒரே கலவை, ஒரே ஜல்லி, ஒன்றில் செடி பிழைக்கிறது, ஒன்றில் சாகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது ஜல்லி. பொடியான கலவையிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் சும்மா இறங்காது. மேலே உள்ள இடுக்குகள் நிரம்பி வழியும்போதுதான் இறங்கும். அதாவது ஜல்லி, தொட்டியின் அடியை 3 செ.மீ மேலே தூக்கி வைக்கிற வேலையைத்தான் செய்கிறது. ஈரப்பட்டை அப்படியே அதே உயரத்தோடு ஜல்லிமேல் போய் உட்காரும். ஜல்லியைக் கூட்டினால் வேருக்கான இடம் இன்னும் குறையும். தயவுசெய்து கூட்டாதீர்கள், அடுத்த முறை எடுத்தே விடுங்கள்.

ஈரம் இருக்கும்போதே செடி ஏன் வாடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையச் செடிகள் போகின்றன. வேரும் மூச்சு விடுகிறது, அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. இடுக்கு முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி, தண்ணீரை உறிஞ்சும் சக்தியை இழக்கிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைக்கு ஏறுவதில்லை. பலவீனமான வேரை பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்து நாம் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். மத்தியானம் வாடி சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெயில். காலையிலேயே வாடி, மண்ணும் ஈரமாக இருந்தால் அது வேர்.

உறுதி செய்துகொள்ள ஒரு பெட்டியின் ஓரத்தில் மெல்லத் தோண்டி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினால் பழுப்புத் தோல் கழன்று கையோடு வந்துவிடும், நடுவே மெல்லிய நார் மட்டும் மிஞ்சும். ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

கலவையைச் சோதிக்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் கழுத்தை வெட்டிவிட்டு, அடியில் நாலைந்து துளை போட்டு, உங்கள் கலவையை 15 செ.மீ உயரத்துக்கு நிரப்புங்கள். கீழே வழியும்வரை தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்ற பிறகு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். அடியில் பாட்டில் சுவரோடு தண்ணீர் ஒட்டி, கறுத்துப் பளபளக்கும் ஒரு பட்டை தெரியும். அதற்கு மேலே சின்னச் சின்ன காற்று இடைவெளிகளோடு மங்கலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் பாட்டிலை நன்றாகச் சாய்த்தால், நின்றுபோன சொட்டு மறுபடியும் தொடங்கும்.

அந்தக் கோட்டைக் கீழே இறக்குவதுதான் வடிகால் வேலை முழுவதும். அதற்குப் பருமனான துகள் வேண்டும், அதுவும் தாராளமாக. கோகோபீட் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, பருமனான பொருள் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு என்று தொடங்குங்கள். பருமனான பொருள் என்றால் பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல்லின் லேசான வெள்ளைத் துகள்), தேங்காய் மட்டைத் துண்டு, 3 முதல் 6 மி.மீ செங்கல் துண்டு, கரித்துண்டு, இவற்றில் எதுவும் ஆகலாம். செங்கல்லையும் கரியையும் கட்டாயம் சலித்து, பொடியைத் தள்ளிவிட வேண்டும். பொடி உள்ளே போனால் இருக்கிற இடுக்கையும் அது அடைத்துவிடும். மணலும் அப்படித்தான். நைசான மணலைக் களிமண்ணில் இரண்டு கை போட்டால் இளகும் என்று நினைப்பார்கள், இன்னும் இறுகத்தான் செய்யும். பருமனான துகள்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்தால்தான் நடுவே காற்று நிற்கும்.

ஆழம் குறைந்த பெட்டியில் தோட்ட மண்ணை நான் சேர்ப்பதே இல்லை. கனமும் அதிகம், வண்டலும் களியும் நீர் ஊற்ற ஊற்ற அடியில் போய்ப் படியும். கோகோபீட்டை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அலசாதது உப்போடு இருக்கும். உரத்தை மொத்தக் கலவையில் கால் பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். அது மக்கிக்கொண்டே போய்ப் பொடியாகும், ஒரு வருஷத்தில் மண்மட்டம் இறங்கியிருக்கும், ஈரப்பட்டை ஏறியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கலவையைக் கொட்டிப் புதுப்பிக்கச் சொல்வது அதனால்தான்.


பழையதோட்டம் எழுதியது:

வேரடி சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து மண்தொட்டியின் அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டுத்தான் செடி வைக்கிறோம். மல்லிகையும் செம்பருத்தியும் வருஷக்கணக்காக நிற்கின்றன. ஜல்லி கெடுதல் என்றால் அவை எப்படிப் பிழைத்தன? எனக்குத் தெரிந்து வடிகாலுக்கு அடியில் ஏதாவது போடாத தோட்டக்காரர் இல்லை.


வேரடி எழுதியது:

உங்கள் செடிகள் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, அது ஓடு அல்ல. சுட்ட மண்தொட்டியின் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். தொட்டியின் வெளிப்புறம் கை வைத்தால் சில்லென்று இருக்குமே, அது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவதுதான். அடியில் நிற்கும் ஈரம் நாலு பக்கமும் வழி கண்டு குறைந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கில் அந்த வழி கிடையாது, மேலே ஆவியாக வேண்டும் அல்லது செடி குடிக்க வேண்டும். பூச்செடிக்கான மண்தொட்டிகள் ஆழமாகவும் இருக்கும். வேர் பிடித்த பெரிய செடி ஒரு நாளில் உறிஞ்சும் தண்ணீரும் அதிகம். அதே ஓட்டுத் துண்டுகளை 15 செ.மீ பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, சின்னத் தக்காளி நாற்றை நட்டால் நடப்பது வேறு.

துளையின் மேல் ஒரே ஒரு ஓட்டுத் துண்டு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது கலவை கொட்டாமல் இருக்க. புடைத்த பக்கம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும், குழிந்த பக்கம் மேலே பார்க்க அப்பினால் துளையை மூடிவிடும். அதைவிட நல்லது 2 அல்லது 3 மி.மீ கண் உள்ள வலைத் துண்டு. கொசுவலை வேண்டாம், அதன் கண்கள் மிகச் சின்னவை, நாளடைவில் வண்டல் அடைத்துக்கொள்ளும். நான் சொல்வது அடுக்காகப் பரப்புவதைப் பற்றி மட்டும்தான். பரப்புகிற அந்த ஜல்லியையே சின்னதாக உடைத்து, பொடி சலித்து, கலவைக்குள் கலந்துவிட்டால் அதே பொருள் நன்மை செய்யும். எவ்வளவு போடுகிறோம் என்பதைப் போலவே எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம்.


முதல்தளம் எழுதியது:

நான் எப்போதும் கீழ்வீட்டில் இருந்தே பழகியவன், அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொட்டியிலிருந்து வெளியே வந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதும் வடிகாலில் சேர்த்தி என்று தயவுசெய்து நினையுங்கள். மேலே இருப்பவருக்கு நாலு சொட்டு, கீழே இருப்பவருக்குத் துவைத்த போர்வையில் மண் கறை. சுவரிலும் அழுக்குக் கோடு இறங்கும்.

கைப்பிடிச் சுவரின் மேலே, கம்பியின் வெளிப்பக்கம் எதையும் தொங்கவிடாதீர்கள். தொங்கும் பெட்டி வேண்டுமென்றால் உள்பக்கம் மாட்டுங்கள். விழுந்தால் ஆபத்து என்பது ஒரு பக்கம், சொட்டும் எல்லாம் நேராகக் கீழ்வீட்டுக்குத்தான்.

தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். பால்கனித் தரைக்கு நீர்ப்போக்கியை நோக்கி ஒரு சரிவு இருக்கும். பெட்டிகளை இடைவெளியில்லாமல் சுவரோடு அடுக்கினால் அந்த ஓட்டத்துக்கு அணை கட்டியது மாதிரி ஆகி, தண்ணீர் விளிம்பு வழியாக வெளியே போகும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விட்டு, அடியில் கட்டைகள் வைத்து உயர்த்திவிட்டால் தண்ணீர் அடிவழியாக ஓடி நீர்ப்போக்கிக்குப் போய்விடும். நீர்ப்போக்கியின் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை ஒன்று போடுங்கள். உதிர்ந்த இலையும் கோகோபீட் தூளும் குழாய்க்குள் போய் வளைவில் படிந்தால் எடுப்பது கஷ்டம், பெருமழை நேரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். வடிகாலுக்காகத் தரையில் துளை போடும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம், நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு போய்விடும்.

தட்டு வைக்கலாம், ஆனால் தொட்டி தட்டில் நேராக உட்காரக் கூடாது. தட்டுக்குள் இரண்டு கட்டை வைத்து அதன்மேல் தொட்டி. ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். தேங்கவிட்டால் அது கொசுவுக்குத் தொட்டில். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த, சின்னத் தேக்கத்தைத்தான் தேடி வரும். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, தட்டின் ஈரச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். தட்டு காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் கவிழ்த்தால் மட்டும் பத்தாது, வாரம் ஒருமுறையாவது தட்டின் ஓரத்தை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

கனத்தையும் சொல்லிவிடுகிறேன். 60, 20, 15 என்றால் ஒரு பெட்டி 18 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தோட்ட மண் கலந்த கலவை நனைந்தால் லிட்டருக்கு ஒன்றரை கிலோவைத் தொடும், அதாவது பெட்டி ஒன்றுக்கு 27 கிலோ அளவில். வடியாத தொட்டி இந்தக் கனத்தை எப்போதும் சுமந்துகொண்டே இருக்கும். கனமான தொட்டிகளை வெளி விளிம்பில் குவிக்காமல் வீட்டுச் சுவர் பக்கம் வையுங்கள். பெரிய தொட்டிகள் நிறைய வைக்கும் திட்டம் இருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.


பால்கனிப்பச்சை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதல்தளம் சார், பெட்டிகளுக்கு இடைவெளி விட்டுக் கட்டைமேல் ஏற்றிவிட்டேன். குவளைத் தண்ணீர் ஊற்றினேன், இப்போது நேராக நீர்ப்போக்கிக்கு ஓடுகிறது. கீழ்வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேரடி அக்கா, பாட்டில் சோதனை செய்தேன். என் பழைய கலவையில் கறுத்த பட்டை 6 செ.மீ-க்கும் கொஞ்சம் மேலே. நீங்கள் சொன்ன அளவில், பெர்லைட் ஒன்றரைப் பங்கு போட்டு இன்னொரு பாட்டில் செய்தேன், அதில் 3 செ.மீ-க்குக் கீழே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் விளக்கவே தேவையில்லை. வேரையும் பார்த்தேன், தோல் கழன்று வருகிறது, ஆனால் மேல்பகுதியில் வெள்ளை வேர்களும் இருக்கின்றன.

புதினாப் பெட்டிகளைப் பிரித்துப் புதுக்கலவையில் நட்டுவிட்டேன். தக்காளிதான் குழப்பம். காய் பிடித்திருக்கிறது, இப்போது பிடுங்கினால் தாங்காது என்று தோன்றுகிறது. கலவையை மாற்றாமல் அந்தப் பட்டையைக் குறைக்க வழி உண்டா?

இன்னொரு சந்தேகம். உருண்டைத் தொட்டியில் இருக்கும் மிளகாய்க்கு ஊற்றிய உடனே அடியில் கடகடவென்று வந்துவிடுகிறது. அது நல்ல வடிகால் என்று நினைத்தேன், ஆனால் அந்தச் செடியும் இப்போது துவண்டு நிற்கிறது.


வேரடி எழுதியது:

காய்ப்பில் இருக்கும் தக்காளியை அசைக்காதீர்கள். அதற்கு ஒரு திரி போதும். சுண்டுவிரலில் பாதி கனத்தில் நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு எடுங்கள். பருத்தி வேண்டாம், மண்ணுக்குள் அழுகிவிடும். பின்னல் இறுக்கமாக இல்லாமல், தண்ணீரைக் குடிக்கிற கயிறா என்று முதலில் ஒரு கிண்ணத்தில் முனையை நனைத்துப் பாருங்கள். ஈரம் மேலே ஏறினால் சரி. கயிற்றை நன்றாக ஊறவைத்து, அடித்துளை வழியாக ஒரு மெல்லிய குச்சியால் மேலே தள்ளுங்கள். உங்கள் பெட்டியில் அது ஜல்லியைத் தாண்டிக் கலவைக்குள் நாலு விரல் போக வேண்டும், ஜல்லிக்குள்ளேயே நின்றால் பயனில்லை. மறுமுனை தொட்டியின் அடியிலிருந்து 8, 10 செ.மீ கீழே தொங்க வேண்டும். அதனால் பெட்டியை இன்னும் உயரமான கட்டைமேல் ஏற்ற வேண்டியிருக்கும்.

கீழே மண் இல்லாததால் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த இல்லாத மண்ணின் வேலையைக் கயிறு செய்யும். பட்டையிலிருந்த தண்ணீர் கயிறு வழியாக இறங்கி முனையில் சொட்டும். முனை எந்தத் தட்டுத் தண்ணீரையும் தொடக் கூடாது. தொட்டால் அதே கயிறு தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுக்கும். ஒரு பெட்டிக்கு இரண்டு கயிறு, இரு முனைத் துளைகளிலும் போடுங்கள்.

அதோடு, ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றி முடித்ததும் பெட்டியின் ஒரு முனையில் கட்டையை ஏற்றிக் கொஞ்ச நேரம் சரித்து வையுங்கள். தாழ்ந்த மூலையில் துளை இருக்க வேண்டும். பாட்டிலைச் சாய்த்தபோது வந்த அதே சொட்டு இங்கேயும் வரும். நோயுற்ற வேர் மீளும்வரை உரம் எதுவும் போடாதீர்கள். மண் இரண்டு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். வாடியிருக்கிறதே என்று மனசு கேட்காது, ஆனாலும் விரலை நம்புங்கள்.

புதினாவுக்கு ஒரு வார்த்தை. புதுக்கலவையில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது சத்தும் கூடவே இறங்கும். உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி கொடுங்கள்.

மிளகாய்த் தொட்டியின் கதை நேர்மாறு. கோகோபீட் கலந்த மண் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். தொட்டி ஓரத்தில் ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரிகிறதா பாருங்கள். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி, வேர்ப்பந்தை நனைக்காமலே துளைக்கு வந்துவிடும். காய்ந்த கலவை தண்ணீரை ஏற்காமல் தள்ளவும் செய்யும். ஊற்றுவதற்கு முன் தொட்டியை ஒருமுறை தூக்குங்கள், ஊற்றி வடிந்த பின் மறுபடி தூக்குங்கள். கனம் ஏறவே இல்லை என்றால் ஊற்றியது மொத்தமும் வெளியே போயிருக்கிறது.

அதற்கு வைத்தியம், அகன்ற வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பித் தொட்டியை உள்ளே இறக்குங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். குமிழி நின்று மேல்மண் ஈரமாகத் தெரிந்ததும் வெளியே எடுத்து, சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, ஓரத்து இடைவெளியில் கொஞ்சம் கலவையைத் தூவிக் குச்சியால் குத்தி அடைத்துவிடுங்கள். அதன்பிறகு ஊற்றும்போது ஒரே மூச்சில் ஊற்றாமல் பாதியை ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். கடகடவென்று வந்தது நின்று, சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கும். வரவில்லை என்றால் தொட்டியின் உயரத்தையும் அகலத்தையும் எழுதுங்கள், வேர் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்போம்.